உத்தரவு கேட்ட வெள்ளிக்கிழமைகள்

போன மாதம் ஆனையூரில் எங்கள் தெருமுனைக் கோயிலில் நடந்ததைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலமானால் அங்கே வந்து உட்காருகிற நாங்கள் எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, பேரன் படிக்கிற படிப்பு என்று பேச்சு போகும். அன்றைக்கு எங்களில் ஒரு அக்கா பூக்கட்டிப் பார்க்க வந்திருந்தார். மகன் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போகலாமா என்று அம்மனிடம் கேட்க வேண்டுமாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். வழியில் போன ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது. "பிள்ளை சாமி கும்பிடாம எடுத்துருச்சு" என்று இன்னொரு தடவை எடுக்க வைத்தார். அதுவும் சிவப்பு. அப்புறம் பூசாரியையே எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்று பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். விமான டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பது அப்புறம் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. எங்கள் அத்தையின் நினைவு வந்துவிட்டது.

நம் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும். சின்னப் பிள்ளையில் பெரியவர்கள் செய்த சில காரியங்களுக்கு நாம் அப்போது கோபப்படவில்லை. கோபப்படலாம் என்பதே தெரியாது. இப்போது தெரிகிறது. ஆனால் யார்மேல் கோபப்பட வேண்டுமோ அவர்கள் எல்லாம் போய்ச்சேர்ந்து விட்டார்கள்.

எங்கள் ஊர் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போட்டுக்கொண்டிருந்த ஊர். வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. பெரியப்பா அடுத்த தெருவில் இருந்தார். எது நடந்தாலும் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் நடக்கும்.

அத்தை அப்பாவுக்கு இளையவள். கல்யாணமான மறுவருடமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மருமகளே என்பாள். எனக்குத் தலை பின்னிவிடுவது, பேன் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். அவள் சேலையில் எப்போதும் பருத்திக்கொட்டை வாசம் அடிக்கும். மாட்டுக்கு ஆட்டிவிட்டு நேராக என்னிடம் வருவாள். வாரத்தில் ஆறு நாள், எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள். விசேஷ வீட்டுக்குப் போனால் சுவரோரமாக நின்றுகொள்வாள்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு மாதிரி. பொழுது சாய்கிற நேரத்துக்கு வாசல் தெளித்து, வேப்பங்குலை ஒடித்து வைத்து, தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் சேலையை எடுப்பார்கள். அது அத்தையின் சேலை இல்லை, எங்கள் குலதெய்வத்தின் சேலை. அம்மா அத்தையின் நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைப்பாள். மற்ற நாளில் யாராவது அவளுக்குக் குங்குமம் கொடுத்தால் ஊரே பேசும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரும் பேசமாட்டார்கள். அப்பா சூடம் கொளுத்துவார். அத்தைக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். கால் கட்டைவிரல் துடிக்கும். துடிப்பு மெல்ல மேலே ஏறி உடம்பெல்லாம் ஆடும்போது தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வரும். அதற்குப் பிறகு அது அத்தை இல்லை. ஆத்தா.

ஆத்தா அப்பாவை வாடா போடா என்பாள். பெரியப்பாவையும்தான். அவர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, "சரித்தா, சரித்தா" என்பார்கள். ஆத்தா உடம்பை விட்டு மலையேறியதும் அத்தை தொப்பென்று உட்காருவாள். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பாள். பிறகு தலைப்பால் நெற்றிக் குங்குமத்தைத் தானே அழுத்தித் துடைப்பாள். துடைத்த இடம் சிவந்து கிடக்கும். அதன்மேல் திருநீற்றைப் பூசிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். என்ன பேசினாய் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் மருமகளே, நீதான கேட்ட, நீ சொல்லு" என்பாள்.

அப்பா எதற்கும் ஆத்தாவைக் கேட்காமல் இருக்கமாட்டார். கிணறு வெட்ட இடம் பார்க்க வந்தவர் கிழக்கு மூலையைக் காட்டினார். ஆத்தா வாய்க்கால் பக்கம் வெட்டு என்றாள். அப்பா வாய்க்கால் பக்கம்தான் வெட்டினார். தண்ணீர் பொங்கி வந்தது. அன்றைக்கு அத்தையின் காலில் அப்பா விழுந்ததையும், அவள் கூசிப்போய், "ஐயோ அண்ணே, எந்திரிண்ணே" என்று பின்னால் நகர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு முறை ஆத்தா நல்லது செய்தாள். ஐந்தாம் வகுப்பு முடித்ததும், பொட்டப்பிள்ளையைப் பஸ் ஏற்றித் திருப்பரங்குன்றம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நான் தொழுவத்தில் அத்தையிடம் போய் அழுதேன். அவள் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை யாரும் கேட்காமலே ஆத்தா, "அந்தப் புள்ள படிக்கட்டும்டா" என்றாள். நான் பேசுவதையெல்லாம் ஆத்தா ஒளிந்து நின்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தொழுவத்தில் பொய் பேசவே பயந்தேன்.

அதற்கு அடுத்த வருடம், பங்குனி மாதம், அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். சுண்ணாம்பு கொதிக்கிற வாசம் எனக்குப் பிடிக்கும். வாளியைச் சுற்றியே நின்றேன். ஒரு தேக்குக் கட்டில் வண்டியில் வந்து இறங்கியது. நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து அதைப் போட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பெரியப்பா வெளியூர் ஆள் ஒருவரை அழைத்துக்கொண்டு அடிக்கடி வந்தார். அவர்கள் வந்தால் அம்மா கொல்லைக்குப் போய்விடுவாள். அம்மா பேசுவதே குறைந்துவிட்டது. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாதாரண நாளில் தட்டு பறந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பெரிய மாலை வாங்கி வந்திருந்தார்கள். அத்தைக்குக் கொட்டாவி வந்தது, உடம்பு ஆடியது, ஆத்தா வந்தாள். அப்பா முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆத்தா, வம்சம் தழைக்கணும். ஒரு ஆம்பளப்புள்ள இல்லாம கெடக்கு இந்த வீடு. இன்னொருத்தியக் கொண்டுட்டு வாரேன். உத்தரவு குடு."

அம்மாவின் கையிலிருந்த மணி நின்றுபோனது. அப்போதுதான் எனக்கு அந்தக் கட்டில் எதற்கு என்று புரிந்தது. முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். நான் போதவில்லை என்பது மட்டும் புரிந்தது.

ஆத்தாவின் உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், சத்தமே இல்லாமல், "வேணாம்" என்றாள்.

"ஆத்தா?"

"வேணாம்டா. இந்த வீட்டுக்கு ஒருத்தி போதும். அவ கண்ணுல தண்ணி விழுந்துச்சுன்னா நான் இந்த வாசல்ல நிக்க மாட்டேன்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா அவர் முதுகில் ஒரு இடி இடித்து, "இன்னொருக்காக் கேளு" என்றார். அப்பா கேட்கவில்லை. சூடம் தானாக அணைந்தது.

ஆனால் அடுத்த வெள்ளிவரை பொறுக்காமல், செவ்வாய்க்கிழமையே ஆத்தாவை வரவழைத்துக் கேட்டார். கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டு கேட்டார். ஆத்தா அதையேதான் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை கேள்வியை மாற்றிக் கேட்டார். "சித்திரையில வைக்கவா, வைகாசியில வைக்கவா ஆத்தா? நீயே சொல்லு" என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆத்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. "தேதியக் குறிச்சுட்டு வந்து எங்கிட்ட என்னடா உத்தரவு கேக்குற? போ, போயி உன் இஷ்டத்துக்குச் செய்யி. என் பேரச் சொல்லிச் செய்யாத."

அன்றைக்கு அத்தைக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நான்தான் சொம்பைக் கொண்டுபோனேன்.

பெரியப்பா முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "இது ஆத்தா இல்லடா. ஆத்தா வம்சத்தை வேணாம்னு சொல்லுவாளா? தான் வாழாதவ, இன்னொருத்தி வாழ வாரதப் பொறுக்க மாட்டாம ஆடுறா. இல்லாட்டி, செத்துப்போன அவ புருஷன்தான் வந்து உள்ள உக்காந்திருக்கான். ரெண்டுல ஒண்ணு." பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். "ஏத்தா, நீயும் அவளும் கூடிப் பேசித்தான் இது நடக்குதா? உள்ளதச் சொல்லு."

அம்மாவுக்காகத்தான் ஆத்தா அத்தனையும் பேசினாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கொஞ்ச நாளா அவ பார்வையே சரியில்ல. நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அடுப்படியில் அத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். விளக்குகிற சத்தம் நிற்கவில்லை.

அம்மாவை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கூடிப் பேசினோம் என்று ஆகிவிட்டால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னை விட்டுவிட்டுப் போக வேண்டும். புரிகிறது. ஆனாலும் அந்தக் குனிந்த தலையை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

பள்ளிக்கூட லீவு விட்டிருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். எனக்குப் பதினோரு வயது. மடியில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கால் தரையில் தட்டியது. கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அழகர்கோவில் போவோமா? குரங்கு பாக்கலாம். தோசை வாங்கித் தாரேன்."

"எல்லாருமா?"

"நீ, நான், பெரியப்பா, உங்க அத்தை. பிளசர் காரு சொல்லியிருக்கு. நீ போயி அத்தையக் கூப்பிடு. நான் கூப்பிட்டா வரமாட்டா. கோவிச்சுக்கிட்டு இருக்கா."

நான் ஓடினேன். அத்தை தொழுவத்தில் கூளத்தின் மேல் சுருண்டு படுத்திருந்தாள். உடம்பு முடியவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று அழுகிற மாதிரி நடித்தேன். "சரி, வாரேன், மூஞ்சியத் தூக்காத" என்று எழுந்தாள். குளித்துவிட்டு, இருந்ததிலேயே நல்லதான சந்தனக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டாள். எனக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினாள். குரங்குக்குப் போட ஒரு பிடி நிலக்கடலையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தக் காருக்குள் பெட்ரோலும் பழைய தோலும் கலந்து ஒரு வாசம் வரும். ஜன்னலோரம் எனக்கு, நடுவில் அத்தை, அந்தப் பக்கம் பெரியப்பா. அப்பா டிரைவர் பக்கத்தில். மதுரையைத் தாண்டியதும் தூரத்தில் அழகர்மலை நீலமாகத் தெரிந்தது. "அந்தா பாரு மருமகளே" என்று அத்தை கையைக் காட்டினாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. மலை எங்கள் முன்னால் வளர்ந்துகொண்டே வந்தது. ஒரு இடத்தில் கார் தார் ரோட்டை விட்டு இறங்கியது. மலை பக்கவாட்டில் தெரிந்தது. இன்னொரு திருப்பத்தில் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"அண்ணே, கோயிலு அங்கிட்டுல்ல இருக்கு?"

அப்பா திரும்பவில்லை. பெரியப்பா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் பின்தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாமல் மலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பனைமரங்களுக்கு நடுவில் ஒரு கோடாங்கியின் குடிசை. பேய் பிடித்ததாகச் சொல்கிறவர்களை அவரிடம் கொண்டுவருவார்கள். உடுக்கை அடித்துப் பேசவைத்து ஓட்டுவார். நல்ல வெயில். அத்தையை ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்துக் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். என்னைக் காருக்குள் இரு என்றார்கள். காரிலிருந்து எல்லாம் தெரிந்தது.

கோடாங்கி உடுக்கையை அடிக்க ஆரம்பித்தார்.

"யாரு நீ? சொல்லு!"

அத்தை தன் பெயரைச் சொன்னாள்.

"அது இந்த ஒடம்போட பேரு. உள்ள இருக்குற நீ யாரு?"

"நான் இவுக தங்கச்சிங்க."

புளிய விளாறால் ஒரு அடி விழுந்தது. திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையேதான் சொன்னாள். இவுக தங்கச்சி. எழுந்து ஓடப் பார்த்தபோது அப்பாதான் பின்னாலிருந்து அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே கை. அத்தை தலையைத் திருப்பி, "அண்ணே... அண்ணே..." என்றாள். அவள் முந்தானை முடிச்சு அவிழ்ந்து கடலை மண்ணில் சிதறியது.

கடைசியில் கோடாங்கி, அவள் புருஷன் பெயரைத் தானே எடுத்துக்கொடுத்து, "நீ அவன்தான?" என்று கேட்டார். அத்தை, "ஆமா" என்றாள். "போயிர்றியா?" "போயிர்றேன்." "இனிமே வருவியா?" "வரமாட்டேன்." உச்சிமுடியில் கொஞ்சம் அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். அப்பாவின் கையில் குங்குமம் கொடுத்து, "இனி ஒரு தடையும் இல்ல, போயி நல்ல காரியத்தப் பாரு" என்றார் கோடாங்கி. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும்போது ரோட்டுக்கடையில் காரை நிறுத்தி எனக்கு இரண்டு தோசை வாங்கி வந்தார்கள். எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன். அத்தை ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். கழுத்தில் விளாறு பட்ட இடம் தடித்திருந்தது. வெகுநேரம் கழித்து என் பக்கம் குனிந்து, மெதுவாக, "நீ கூப்புட்டன்னுதான் வந்தேன் மருமகளே" என்றாள்.

அதில் கோபம் இல்லை. எனக்கு ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னாள். அப்பா மடியில் உட்கார வைத்தது எதற்கு என்பது எனக்கு அப்போது விளங்கியது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ தரம் கூப்பிட்டும் நான் அவர் பக்கத்தில் போய் உட்காரவே இல்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

வைகாசியில் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். "எங்க ஆத்தாவே உத்தரவு குடுத்துட்டா" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது பதினெட்டு வயதுகூட இருக்காது. முதல் நாள் சாயங்காலம் கிணற்றடியில் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். "உங்க குலசாமி என்னையத்தான் கைகாட்டுச்சாமே, நெசமாவா?" ரொம்பப் பயந்து போயிருந்தாள். அவளையும் அப்படிச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சின்னம்மாவுக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். தங்கமான பிள்ளைகள். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவன் பெரியவன்தான். அம்மாவும் சின்னம்மாவும் சண்டை போட்டு, சேர்ந்து, மறுபடி சண்டை போட்டு, கடைசியில் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு வந்தார்கள். ஆத்தா சொன்னபடி நடந்திருந்தால் என் தம்பிகள் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்பாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. பெரியவன் பிறந்த அன்றைக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டே, "ஆத்தாவுக்குச் சம்மதம் இல்லேன்னா இது நடக்குமா?" என்று தெருவெல்லாம் கேட்டார். தகரப்பெட்டியில் கிடந்த மஞ்சள் சேலையை எடுத்து, தூளி கட்டச் சொல்லி அத்தையிடமே கொடுத்தார். அவள் கட்டினாள். ஆட்டியும் விட்டாள்.

வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. அத்தைக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. வாரத்தில் ஏழு நாளும் அவள் கடைசியாகச் சாப்பிட்டாள்.

சின்னத்தம்பிக்கு இரண்டு வயது இருக்கும்போது காய்ச்சல் அனலாகக் கொதித்தது. உள்ளூர் வைத்தியம் கேட்கவில்லை. வலிப்பு வெட்டிக் கண் மேலே செருகியது. அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. சூடத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினார். அத்தையின் காலில் விழுந்தார்.

"ஆத்தாவக் கூப்புடு தாயி. புள்ளைக்கு ஒரு வழி கேளு."

அத்தை கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் குரல் உயர்ந்து கேட்டது அந்த ஒரே தடவைதான்.

"அன்னைக்கு எங்கிட்ட இருந்தது பேயின்னா, இப்பப் பேயிகிட்டயா கேக்க வந்த? சாமின்னா, அப்பச் சாமியையா அண்ணே அடிச்ச?"

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அத்தை அவரைத் தாண்டிப் போய், சின்னம்மா மடியிலிருந்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எந்திரி, பஸ்ஸப் புடிப்போம்" என்றாள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தம்பி பிழைத்தான். இருந்த நாளெல்லாம் அத்தைதான் கூட இருந்து பார்த்தாள். அங்கே வேலை பார்த்த ஒரு ஆயாவோடு பழக்கமாகி, தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு தனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். "இங்க நேரத்துக்குச் சாப்புடுறேன்ணே" என்றாளாம். பிறகு நான் டீச்சர் டிரெயினிங் படித்தது அவளுடைய ஒற்றை அறையில் தங்கித்தான். வேலைக்குப் போன பிறகும் கல்யாணம் வரை அங்கேதான் இருந்தேன். அந்த அறையில் ஒரு சாமி படம்கூட இல்லை. நான் கேட்டதும் இல்லை.

அப்பா இறந்தபோது அத்தைக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு இருவரும் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டம் இல்லை. எங்கள் பழைய வயலைப் பிளாட் போட்டுக் கல் ஊன்றியிருந்தார்கள். அதைத் தாண்டும்போது என்ன தோன்றியதோ, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தே, அன்னைக்கு அப்பாகிட்ட வேணாம்னு சொன்னது நெசமாவே ஆத்தாவா? இல்ல நீயா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மத்த நாளப் பத்திக் கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது மருமகளே. கொஞ்சம் அவ, கொஞ்சம் நான். உன்னையப் படிக்க வைக்கச் சொன்னது நாந்தான்னு நெனக்கிறேன். ஆனா அன்னைக்கு வேணாம்னு சொன்னது ஆத்தாதான்."

"எப்படித் தெரியும்?"

"முந்துன நாளு அண்ணே தொழுவுக்கு வந்துச்சு. நாளைக்கு ஆத்தா சரின்னு சொல்லணும், வேற மாதிரி வந்துறக் கூடாதுன்னுச்சு. எனக்குச் சோறு போடுற அண்ணே. நானும் சரின்னுட்டேன். மதினிகிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் அந்தச் சேலையக் கட்டுனேன். சரின்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரமாட்டேங்குது. வேற வந்துருச்சு."

கண்டக்டர் வந்து சில்லறை கேட்டுவிட்டுப் போனார்.

"இத அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல அத்தே?"

"சொன்னேன். ஏமாத்திட்டியேன்னு அன்னைக்கே வந்து கேட்டுச்சு. இல்லண்ணே, வாயி எங்கிட்ட இல்லண்ணே, சத்தியமா நான் சொல்லலன்னேன். என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பெரியண்ணனுக்கும் மதினிக்கும் என்ன தெரியும்? அண்ணே நம்புச்சு மருமகளே. நம்பித்தான் பயந்துச்சு. அதுக்கப்பறம்தான் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போச்சு."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

அதுவரை நான் அப்பாவை ஒரு மாதிரி மன்னித்து வைத்திருந்தேன். படிக்காத மனுஷர், அண்ணன் பேச்சைக் கேட்டு, பேய் என்று நம்பி ஏமாந்து செய்துவிட்டார் என்று. ஆத்தாதான் பேசினாள் என்று தெரிந்துதான் அவர் அந்தக் கைகளைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறார். அவர் படத்துக்கு முன்னால் நான் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நெற்றியில் திருநீறுகூட இன்னும் உதிரவில்லை.